பெரிய வியாழனும் சிவப்பு மூடி டியூபும்

திண்டிவனம்,
பெரிய வெள்ளி, காலை.

அன்புள்ள மச்சான் சவுரிராயனுக்கு, உன் அக்காள் புருஷன் மரியஅந்தோணி எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே என் வலது காலைத் தவிர எல்லாரும் சுகம். நீயும் உன் மருந்துக் கடையும் சுகமாக இருக்க வேண்டுமென்று நேற்றுவரை வேண்டிக்கொண்டிருந்தேன். போனில் பேசினால் உன் அக்காள் இன்னாசியம்மாள் கேட்டுவிடுவாள். அதனால்தான் விழுப்புரத்துக்கு வேலைக்கு வரும் பக்கத்து வீட்டு ரஞ்சித் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று பெரிய வியாழன் பூசையில், இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததுபோல் சாமியார் கால் கழுவும் பன்னிரண்டு பேரில் என்னைப் பேதுருவாக முதல் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கண்டக்டராக நின்று நின்றே தேய்ந்த காலுக்கு இப்படியொரு மரியாதை வருமென்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ஆனால் கணுக்கால் வீங்கிப் படியேற முடியவில்லை. நீ கொடுத்த சிவப்பு மூடி டியூபைத்தான் நம்பினேன். "மாமா, மிளகாய் சத்து போட்ட மருந்து. பட்டாணி அளவு போதும். மேல துணி கட்டாதீங்க, வெந்நீர் படக்கூடாது" என்று நீ சொன்னாய், இல்லையென்று சொல்லவில்லை. பட்டாணி அளவு யார் வலிக்குப் போதும்? விரல் நுனிவரை கெட்டியாகப் பூசி, துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு போய், கோயிலில்தான் அவிழ்த்தேன்.

சாமியார் இளகின மனசுக்காரர், "வயசானவங்களுக்குப் பச்சைத் தண்ணி வேணாம்" என்று வெந்நீர் வைக்கச் சொல்லியிருக்கிறார், அது என் காலில் பட்டதுமே உயிர் போய் உயிர் வந்தது, பேதுரு கத்தலாமா, பல்லைக் கடித்துக்கொண்டேன், அவர் துண்டால் துடைத்தார், குனிந்து பாதத்தில் முத்தமிட்டார், அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார் பார், ஐயோ மச்சான், அந்தப் பார்வையைச் சாகும்வரை மறக்கமாட்டேன். உதடு செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. அதே துண்டால் முகத்தை வேறு துடைத்துக்கொண்டார். கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். அதே துண்டோடு அடுத்த நாற்காலிக்குப் போனார். "யோவ், இன்னாய்யா இது, காலு பத்திக்கினு எரியுது" என்று பக்கத்து நாற்காலி அந்தோணிசாமி என் விலாவில் இடித்தான். கடைசி நாற்காலி முடிவதற்குள் பன்னிரண்டு அப்போஸ்தலர்களும் உட்கார்ந்தபடியே காலை உதறுகிறோம், சாமியார் அழுவதைப் பார்த்துக் கோயிலே விம்முகிறது. "உங்க காலைத் தொட்டதும் சாமி எப்பிடி உருகிட்டாரு பாத்தீங்களா" என்று உன் அக்காள் வீடு வரும்வரை பூரித்துப் போனாள்.

உண்மையைச் சொன்னால் நாற்காலி போகும், உன் அக்காள் முகத்தில் முழிக்க முடியாது. சொல்லாவிட்டால் அந்தப் பாவத்தோடு பாஸ்கா பூசையில் நற்கருணை வாங்க முடியாது. ஆகவே இன்று மாலை சிலுவைப் பாதை முடிந்ததும் சாமியார் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன். என்ன ஆனாலும் சரி. நீயும் அந்த டியூபை இனி ஒருத்தருக்கும் விற்காதே.

உனக்கும் உன் மனைவி அமலாவுக்கும் பாஸ்கா ஆசீர்வாதத்தை இப்போதே அனுப்பிவிடுகிறேன், மாலைக்குப் பிறகு என் ஆசீர்வாதத்துக்கு மதிப்பிருக்குமோ என்னவோ.

எரியும் காலுடன்,
மரியஅந்தோணி

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் சாமியாரே வீட்டுக்கு வந்துவிட்டார். உதட்டில் இன்னும் சிவப்பு. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, என்னை மன்னிக்கணும். பன்னெண்டு பேருக்கும் முட்டி போடணுமேன்னு பூசைக்கு முன்னாடி முட்டிக்கு மிளகாய் மருந்து தடவிக்கினேன். அவசரத்துல கையைக் கழுவல. உங்க எல்லார் காலையும் எரிய வெச்சிட்டேன்" என்று கண்கலங்கினார். நான் வாயைத் திறந்தேன். பக்கத்தில் உன் அக்காள் நின்றாள். "பரவாயில்ல சாமி, மனசுல வெச்சுக்காதீங்க" என்று மன்னித்துவிட்டேன். அடுத்த வருஷமும் பேதுரு நான்தானாம். வேறு கடிதம் எழுத நேரமில்லை, ரஞ்சித் வண்டியைக் கிளப்பிவிட்டான். மேலே எழுதியது எதுவும் நடக்கவில்லை, கிழித்துப் போடு. உங்கள் ஊர்ப் பங்குச் சாமியாருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பாயே, நாளைக்கு அவர் எத்தனை மணிக்குப் பாவசங்கீர்த்தனத்தில் உட்கார்ந்து பாவங்களைக் கேட்கிறார்?