டமால் சாரும் பெயின்ட் அடித்த பெட்டியும்

பெங்களூரிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி எங்கள் டமால் சார்தான். அவருக்கு வாய்த்த வேலையோ, வெடி வெடிப்பது.

தொண்ணூறுகளின் நடுவில், பழைய மெட்ராஸ் ரோட்டில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் நான் டிராயிங் போட்டுக்கொண்டிருந்தேன். பெட்ரோல் கிடங்கு, ரசாயன ஆலை மாதிரி இடங்களில் ஸ்விட்சுகளை வைக்கிற இரும்புப் பெட்டிகள் அங்கே தயாராகும். கசிந்த வாயு பெட்டிக்குள் புகுந்து, ஸ்விட்ச் பொறியில் வெடித்தாலும் நெருப்பு வெளியே வரக்கூடாது. அதற்காகப் பக்கவாட்டில் 'வென்ட்' என்று ஒரு வில்லை இருக்கும். பொடி உலோகத் துகள்களை இறுக்கிச் செய்தது. அழுத்தம் அதன் வழியாக வெளியேறிவிடும். நெருப்பு அங்கேயே குளிர்ந்து செத்துவிடும். நிஜமாகவே சாகிறதா என்று பெட்டிக்குள் வாயு நிரப்பிக் கொளுத்திப் பார்ப்பவர்தான் டமால் சார். அவருடைய சொந்தப் பெயர், சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் தெரியும்.

பக்கத்தில் யாராவது டிபன் பாக்ஸைத் திறந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சோடா கடை இருந்தால் எதிர்ச்சாரியில் நடப்பார். ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு ஒருநாள் சாப்பிட வந்தவர், குக்கர் விசில் அடித்ததும் தெருவுக்கே ஓடிவிட்டார்.

"வால்வு எப்போம்மா மாத்துனீங்க?" என்று அங்கிருந்தே கத்தினார்.

"இவரா வெடி வெடிக்கறாரு?" என்று அம்மா என்னைக் கேட்டாள்.

ஒரு சமயம் பெரிய ஆர்டர் வந்தது. பளபளப்பாக இருக்கட்டும் என்று சேல்ஸ் மேனேஜர் எல்லாப் பெட்டிகளுக்கும் சாம்பல் நிறப் பெயின்ட் அடிக்கச் சொல்லிவிட்டார். வென்ட்டையும் விடவில்லை. லாரியில் ஏறிவிட்ட பெட்டிகளைப் பார்த்த டமால் சாருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"மூக்கை அடைச்சிட்டீங்களே சார்! ஒண்ணை இறக்குங்க. டெஸ்ட் பண்ணாம லாரி நகரக்கூடாது."

"ஏன்ரீ இது? லேசா ஒரு கோட்டு பெயின்ட்டு. ஸ்வல்ப, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்றார் மேனேஜர், கன்னடம் கலந்து.

"அட்ஜஸ்ட் பண்ணா, இது வெடிச்சு எவனோ ஒருத்தன் பறந்து அல்சூர் ஏரில போய் விழுவான் சார்."

ஒரு பெட்டியை இறக்கி டெஸ்ட் அறையில் வைத்து வாயு நிரப்பினார்கள். நாங்கள் எல்லோரும் கான்கிரீட் சுவருக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு நின்றோம். டமால் சார் பட்டனை அழுத்தினார்.

சத்தமே இல்லை.

மறுபடி அழுத்தினார். சத்தம் வரவில்லை.

"பாத்தீங்களா? ஒண்ணும் ஆகலை. லாரியை அனுப்பலாம்" என்றார் மேனேஜர்.

"பொறியே விழல சார். வாயு அப்படியே உள்ள உக்காந்திருக்கு. இப்போதான் பயமே."

"நான் போய்ப் பார்க்கிறேன்" என்று மேனேஜர் டெஸ்ட் அறைக் கதவை நோக்கிக் கிளம்பினார். ஒல்லிக்குச்சி டமால் சார் ஓடிப்போய்க் கதவுக்குக் குறுக்கே தரையில் உட்கார்ந்துவிட்டார். கைகால் வெடவெடக்கிறது, எழுந்திருக்க மட்டும் மாட்டேன் என்கிறார். மேனேஜர் கன்னடத்தில் திட்டினார், ஆங்கிலத்தில் திட்டினார், கடைசியில் தமிழில் கெஞ்சினார். வெளியே லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

குழாய் வழியாகக் காற்றை அடித்து வாயுவையெல்லாம் வெளியேற்றிய பிறகுதான் டமால் சார் உள்ளே போனார். ஒரு ஒயர் கழன்றிருந்தது. அதைச் சரிசெய்து, புதிதாக வாயு நிரப்பி, திரும்பி வந்து பட்டனை அழுத்தினார்.

தொழிற்சாலையே குலுங்கியது. போல்ட்டுகளைப் பிய்த்துக்கொண்டு பறந்த மூடி, கூரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு செருகி நின்றது.

மேனேஜர் லாரிப் பக்கம் கையைக் காட்டினார். "எல்லாத்தையும் இறக்கிடுங்க."

டமால் சாருக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. ஒவ்வொருவர் தோளாகத் தொட்டுக்கொண்டு வந்தார். "காது கேக்குதா? அடி படலியே?" என்னிடம் வந்தபோது நான் தலையாட்டினேன். அது அவருக்குப் போதவில்லை.

"வாயைத் தொறந்து சொல்லும்மா."

"கேக்குது சார்."

அதன் பிறகுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

எத்தனையோ ஆபீஸ்களில் வேலை பார்த்துவிட்டேன். நான் முழுசாக இருக்கிறேனா என்று அப்படிப் பதறிப்போய்க் கேட்டவர் இன்னொருவர் கிடைக்கவில்லை.