மவுசைத் தொடாத மனுசன்

ராமநாதபுரம் ஜில்லாவிலேயே மவுசைத் தொடாமல் கம்ப்யூட்டர் ஓட்டின ஒரே ஆள் எங்க ஷார்ட்கட் அண்ணன்தான். அவருடைய சொந்தப் பேர் ஆதார் அட்டைக்கு மட்டும் தெரியும்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃபிளெக்ஸ் கடை. அவர் டிசைன் பண்ணுவார். நான் ஃபிளெக்ஸுக்கு மரச்சட்டம் அடிப்பேன், கம்பத்தில் ஏறிக் கட்டுவேன். எனக்குப் படிப்பு அஞ்சாப்புதான்.

ஒரு நாள் திடீரென்று அண்ணன் மவுசைப் பிடுங்கி முதலாளி மேசையில் வைத்தார்.

"நீங்களே வச்சுக்கங்க. எனக்குப் பத்து விரல் இருக்கு."

ஃபோல்டர் செட்டிங்கையும் மாத்திட்டார். மேலே இருந்த பட்டன் எல்லாம் போச்சு. எழுத்து ஒவ்வொண்ணும் பணியாரம் தண்டிப் பெருசு. ஒரு தட்டுக்கே ஃபைல் திறக்கும். முதலாளி எப்பவாவது மவுசைச் செருகி உக்காருவார். பழக்கத்தில் ரெண்டு தட்டு தட்டுவார். கல்யாணப் படம் ரெண்டு தரம் திறந்து, மாப்பிள்ளை ரெண்டு, பொண்ணு ரெண்டு வந்து நிக்கும்.

"ஏப்பா, இது கம்ப்யூட்டரா, பேய் வீடா?"

"தட்டாதீக முதலாளி. தொட்டாப் போதும்."

ஃபைல் தேட அண்ணன் முதல் எழுத்தை அடிப்பார். அங்கன போய் நிக்கும். டீக்கடையிலும் அதே பழக்கம்.

"மாஸ்டர், ப."

மாஸ்டர் பன்னை நீட்டுவார்.

"நான் கேட்டது பஜ்ஜி."

"முழுசாச் சொல்லித் தொலைய வேண்டியதுதானே?"

"ரெண்டாவது எழுத்துக்குள்ள அவசரப்பட்டா எப்புடி?"

கடைத்தெருவே சிரிக்கும். நானும் சிரிச்சேன், ஒரு மத்தியானம் வரைக்கும். அன்னைக்கு முதலாளி மவுசைக் கழட்டாமல் சாப்பிடப் போயிட்டார். அண்ணன் திரையையே பாத்துக்கிட்டு இருந்தார்.

"ஏலே, மவுசு அம்பு எங்கன நிக்குது?"

அம்பு அவர் மூக்குக்கு நேரா நடுவில் நின்னது. நான் அவரைப் பாத்தேன்.

"கண்ணை டாக்டர்ட்ட காட்டிட்டேன். சரியாகாதாம். முதலாளிக்குத் தெரிஞ்சா வேலை போயிரும். எனக்கு வேற தொழில் தெரியாதுடா."

"சரிண்ணே."

சட்டம் அடிச்சு முடிச்சதும் அவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட ஆரம்பிச்சேன். யார் படம்னு நான் சொல்லுவேன். அவர் எஃப் டூ அமுக்கி ஃபைலுக்குப் பேர் வைப்பார். ஆர்டரை எழுத்துக் கூட்டிப் படிப்பேன்.

"கா... த... ணி..."

"ஏலே, நீ படிச்சு முடிக்கிறதுக்குள்ள புள்ளைக்குக் குத்துன காது தூந்து மூடிரும்."

இப்படியே ஓட்டினோம். முதலாளிக்குத் தெரியல.

ஒரு நாள் நான் தொண்டியில் கம்பத்து மேல. உத்தரகோசமங்கைப் பக்கத்துக் காதணி விழா ஆர்டர் ஒண்ணு அவசரமா வந்திருக்கு. அண்ணன் தனியா அடிச்சிட்டார். அந்த வீட்டுப் பழைய விசேசத்துப் படமும் அதே ஃபோல்டரில் கிடந்திருக்கு. தாய்மாமன் இருக்க வேண்டிய இடத்தில், வரப்புச் சண்டையில் பேச்சு வார்த்தை அத்துப்போன பங்காளி சிரிச்சுக்கிட்டு நின்னார்.

நான் வந்து இறங்கையில் தாய்மாமனே கடை வாசலில் நிக்கிறார்.

"சீர் கொண்டாறது நானு. சிரிக்கிறது அவனா?"

முதலாளி ஃபிளெக்ஸை அண்ணன் முன்னால் விரிச்சார்.

"இது யாருன்னு தெரியுதா?"

அண்ணன் குனிஞ்சார். மூக்கு ஃபிளெக்ஸில் இடிச்சது.

"மீசை தெரியுது முதலாளி. ஆளு தெரியல."

தாய்மாமன் சத்தத்தை நிறுத்திட்டார். "சரி விடுங்க, வேற அடிங்க"ன்னு பெஞ்சில் உக்காந்தார்.

"கண்ணு தெரியலேன்னா சொல்லியிருக்கலாம்ல?" முதலாளி மெதுவாத்தான் கேட்டார்.

"சொன்னா வச்சிருப்பீகளா?"

முதலாளி ஃபேனைப் பாத்தார்.

அண்ணன் அன்னைக்குச் சாயங்காலமே வேலையை விட்டுட்டுக் கமுதிக்கு, அக்கா வீட்டுக்குப் போயிட்டார். போன் போட்டால் எடுப்பார். "என்னலே?"ம்பார். "சும்மாண்ணே"ன்னு வச்சுருவேன்.

டிசைன் பண்ணப் புதுசா வந்த தம்பி கெட்டிக்காரன். அவனுக்கு ஸ்டூலில் ஆள் தேவையில்லை.

இப்பவும் கம்பத்தில் ஃபிளெக்ஸைக் கட்டினதும் ஒரு தரம் சத்தமாப் படிக்கிறேன். கீழே நிக்கிறவுக சரிபாக்குறேன்னு நினைக்கிறாக. இப்ப எனக்கு வேகமாவே படிக்க வருது. ஆனா ஸ்டூலில் உக்காந்து படிச்ச மாதிரி மெதுவாத்தான் படிக்கிறேன்.