தேங்காய்ச் சக்கையும் முப்பத்தேழு பாகையும்

குளிர் எந்த உயிருக்கும் நல்லதல்ல என்பது என் அசைக்க முடியாத நம்பிக்கை. அதை நான் பாக்டீரியா வரைக்கும் கொண்டுபோனதுதான் வினையாகிவிட்டது.

எண்பதுகளின் கடைசியில் லண்டனில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். ஒருவகை பாக்டீரியா தானாகவே சிவப்புச் சாயம் உண்டாக்கும். அதற்கு விலை கூடிய சாப்பாடு போடாமல், வீசுகிற கழிவில் வளர்த்துச் சாயம் எடுக்க வேண்டும். கழிவுக்காக நான் எங்கும் அலையவில்லை. டூட்டிங்கில் அண்ணை வீட்டில்தான் தங்கியிருந்தேன். அண்ணி கறிக்குப் பால் பிழிந்துவிட்டு எறியும் தேங்காய்ச் சக்கையைப் பையில் கட்டிக்கொண்டு பாதாள ரயிலில் ஏறுவேன். (என் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே இருக்கும்.)

முதல் வருட முடிவில் என் பேராசிரியரும் வேறு இரண்டு பேராசிரியர்களும் வந்து பார்ப்பார்கள். சாயத்தைக் காட்டினால் படிப்புத் தொடரும். காட்டாவிட்டால் விசா முடிந்து ஊருக்குத் திரும்ப வேண்டும். ஊரில் அப்போது சண்டை.

அவர்களுக்குக் காட்டவென்று புதிதாக ஆறு குடுவைகளில் சக்கையும் பாக்டீரியாவும் போட்டேன். அது ஜனவரி. இரண்டு ஸ்வெட்டர், ஒரு கோட், அண்ணையின் கம்பளித் தொப்பி எல்லாம் போட்டும் நடுங்கிக்கொண்டிருந்தேன். குடுவைகளை வைக்கும் பெட்டியோ வெறும் இருபத்தெட்டுப் பாகைச் சூட்டில் நின்றது. பாவம், இதுகளுக்கும் குளிருமே! தாராள மனதோடு முப்பத்தேழுக்குத் திருப்பிவிட்டேன். (இருபத்தெட்டு என்று என் பேராசிரியர் எழுதியே தந்திருந்தார். ஆனால் அவர் வெள்ளைக்காரர், வெக்கையைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?)

வெள்ளிக்கிழமை மூவர் முன்னிலையிலும் பெட்டியைத் திறந்தேன். ஆறு குடுவையும் அரிசிக் கஞ்சி போல வெள்ளை.

"காலைச் சாப்பாடா?" என்றார் ஒருவர்.

என் பேராசிரியர் பெட்டியின் முள்ளைப் பார்த்தார். "சூட்டைக் கூட்டியது யார்?"

"நான்தான், சேர்."

"ஏன்?"

"குளிராக இருந்தது, சேர்."

மூவரும் என் தொப்பியைப் பார்த்தார்கள். என் பேராசிரியர் முள்ளைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டு, "திங்கட்கிழமை பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, "எல்லாம் முடிஞ்சுது அண்ணி. சாயம் வரேல்லை. நான் ஊருக்குப் போறன்" என்றேன்.

அண்ணி பதறிப்போனார். "என்ரை சக்கையிலைதான் பிழையோ தம்பி? நல்லாத்தானே பிழிஞ்சனான்!"

"ஓம் அண்ணி, அப்பிடித்தான் இருக்கும்" என்றேன். (எனக்கு வெட்கமே இருக்கவில்லை.) பாவம், இரண்டு நாளும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை பெட்டியைத் திறந்தால் ஆறும் செவ்வரத்தம்பூச் சிவப்பு! அப்படியே நிலத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். என் பேராசிரியர் மற்ற இருவரையும் கூட்டிவந்து காட்டினார். "சூடு கூடினால் இவை நன்றாக வளரும், சாயம்தான் தராது. கொஞ்சம் குளிர வேண்டும்" என்று சிரித்தார். படிப்புத் தொடர்ந்தது. அப்பாடா என்று நான் விட்ட மூச்சு டூட்டிங் வரைக்கும் கேட்டிருக்கும்.

அண்ணியிடம் உண்மையைச் சொன்னேன். "அப்ப என்ரை சக்கையிலை பிழை இல்லை!" என்றார். என் விசாவை விட அதுதான் அவருக்குப் பெரிய ஆறுதல். ஆனால் பழிபோட்டதை மன்னிக்கவில்லை. அன்றிலிருந்து வீட்டில் நான் ஹீட்டரைத் தொட்டாலே, "கூட்டாதேங்கோ தம்பி, வெளிறிப் போவியள்" என்பார்.

லண்டனில் பிறந்த என் மகளுக்குத் தடுமாறாமல் வருகிற தமிழ் வசனம் ஒன்றே ஒன்றுதான், அதுவும் அண்ணி பழக்கிவிட்டது. பனி கொட்டும் நாளில் கோட்டைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் ஓடினால், வாசலில் நின்று திரும்பிச் சொல்வாள்:

"விடுங்கோ அப்பா, கொஞ்சம் சிவந்திட்டு வாறன்."