கோலி டாக்டரும் ஒரு பழைய கோலும்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் உள்ள அத்தனை மண்டைகளுக்கும் தான்தான் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒரே மனிதர் எங்கள் கோலி டாக்டர். மூளை அறுவை சிகிச்சை நிபுணர். பெரிய ஆஸ்பத்திரியின் பெயர்ப் பலகையில் அவர் பெயருக்குப் பின்னால் ஆங்கில எழுத்துகள் வாலாக நீளும். எங்கள் தெருவில் அந்த வாலை யாரும் சீந்துவதில்லை. சின்ன வயதில் தெரு ஃபுட்பால் டீமுக்குக் கோல் காத்தவர். கோல் காப்பவனை எங்கள் பக்கம் கோலி என்போம். அந்தப் பெயர்தான் நிலைத்தது. பத்திரிகை மரியாதைக்காக 'அவர்' என்று எழுதுகிறேன், நேரில் வாடா போடாதான்.

மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த புதிதில், ஒரே கையால் முடிச்சுப் போடப் பழக வேண்டும் என்று யாரோ ஒரு வாத்தியார் அவரிடம் சொல்லித் தொலைத்துவிட்டார். அன்றைக்குப் பிடித்தது தெருவுக்குச் சனி. துணி காயும் கொடி, காய்கறிப் பை, என் சைக்கிள் கேரியர் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. நம்மோடு பேசிக்கொண்டே இருப்பார், கை பாட்டுக்கு எதையாவது முடிந்துகொண்டிருக்கும். அவர் போட்ட முடிச்சை அவிழ்த்தவர் கிடையாது, அறுத்தவர்கள்தான் உண்டு. ஒருநாள் பங்குச் சாமியாரிடம் ஆசி வாங்கப் போய், அவர் இடுப்புக் கயிற்றையும் முடிந்துவிட்டு வந்துவிட்டார். சாமியார் பூசை அங்கியோடேயே நாஸ்டா சாப்பிட்டார்.

பெரிய டாக்டரான பிறகு தெருவுக்கு வேறு விதமான ஏமாற்றம். மீன் விற்கும் செல்வி அக்கா ஒருநாள் வழிமறித்தாள்.

"இன்னாப்பா கோலி, முட்டி வலி உயிரு போவுது. ஒரு மாத்தர எய்திக் குடேன்."

"காதுக்கு மேல எதுனா பேஜாருன்னா சொல்லுக்கா. கீய இருக்கறதெல்லாம் எனக்கு மறந்து பூடுச்சு."

"அத்தினி வருசம் படிச்சியே, முட்டி வரைக்கும் வந்து சேரலியா நீ?"

அவருக்கு ஹெல்மெட் என்றால் உயிர். ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போகிறவர்கள் என்றால் பரம விரோதம். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அப்படிப் புகுந்து போகிற ஆளை டோல்கேட் சிக்னலில் பார்த்துவிட்டால் காரிலிருந்து இறங்கிப் போய் மண்டையில் தட்டுவார். "நைனா, உள்ள இன்னா கீது தெரியுமா? கெட்டித் தயிரு. தயிர ரோட்ல ஊத்திட்டா அப்பால நான் எப்பிடி அள்ளுவேன்?" பாதிப் பேர் இவரைப் பைத்தியம் என்று நினைத்து, பயத்திலேயே ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டார்கள். கல்யாணத்துக்குப் போனாலும் பரிசு ஹெல்மெட்தான், ஜோடியாக. போட்டுக் காட்டாமல் மேடையை விட்டு இறங்க மாட்டார். எங்கள் பேட்டையில் ஏழெட்டு ஆல்பங்களில் பொண்ணும் மாப்பிள்ளையும் பந்தயத்துக்குப் போகிற மாதிரி நிற்கிறார்கள். பந்தியில் ஆட்டு மூளை வறுவல் வந்தால் மட்டும் இலையை மூடிவிடுவார். "லீவு நாள்ல வேலைய காட்டாத" என்பார் பரிமாறுகிறவனிடம்.

என் கதைக்கு வருகிறேன். பகலில் எனக்குத் துறைமுகத்தை ஒட்டிய கிளியரிங் ஆபீசில் வேலை. ஞாயிறு வந்தால் கையில் மைக். வியாசர்பாடி, எர்ணாவூர் என்று எங்கே ஃபுட்பால் டோர்னமென்ட் நடந்தாலும் வர்ணனை அடியேன்தான். அந்த வாயால்தான் எனக்கும் கோலிக்கும் தீராத தகராறு.

அவர் மாணவனாக இருந்தபோது எங்கள் தெரு டீம் ஒரே ஒருமுறை ஃபைனலுக்குப் போனது. ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம். பந்து எதிரணிப் பக்கம் இருந்ததால் கோலிக்குப் போரடித்துவிட்டது. திரும்பி நின்று கோல் வலையில் முடிச்சுப் போட ஆரம்பித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து எதிரணியான வியாசர்பாடிக்காரன் ஒருவன் பந்தோடு தனியாக வந்து, சிரித்துக்கொண்டே கோல் போட்டான். நான் அதை மைக்கில் விவரித்ததைத் துறைமுகம் வரைக்கும் கேட்டிருப்பார்கள். கோப்பை போயிற்று. கோலி அன்றிலிருந்து ஒரே வார்த்தைதான் சொல்லிவருகிறார்: "அது ஆஃப்சைடு." செல்லாத கோல் என்று அர்த்தம். நானும் ஒரே வார்த்தைதான் சொல்லிவந்தேன்: "கோல்."

போன வருஷம் ஒரு ஞாயிறு, வர்ணனை செய்துகொண்டிருந்த எனக்குப் 'பந்து' என்ற சொல் வரவில்லை. எதிரே உருண்டுகொண்டிருக்கிறது, பெயர் வாயில் இல்லை. "அது... அது..." என்றேன். கூட்டம் சிரித்தது. கூட்டத்தில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. வேலியைத் தாண்டி ஓடிவந்து மைக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, என்னைக் காரில் ஏற்றி நேராக ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்.

இடது பக்கம் ஒரு கட்டி. அதையும் அவர் என் வீட்டுக்கு வந்து, கட்டிலில் உட்கார்ந்துதான் சொன்னார்.

"பேச்சு எடத்த ஒட்டிகினு கீது மச்சான். உட்டா வளரும். தூங்க வெச்சு எடுத்தா, எதுவரைக்கும் கட்டி, எங்கேர்ந்து உன் வாயின்னு எனக்குத் தெரியாது. நீ முய்ச்சிகினு பேசிக்கினே இரு. நான் லேசா கரண்டு வெச்சு ஒவ்வொரு எடமா தொட்டுப் பாப்பேன். எங்க தொட்டா உன் பேச்சு நிக்குதோ, அங்க கத்தி வெக்க மாட்டேன்."

"மண்டய தொறந்து வெச்சிகினா? வலிக்காதா?"

"மூளைக்கு வலி தெரியாது. மேல தோலுக்கு ஊசி போட்ருவோம். உனுக்கு வாய்தான் வலிக்கும்."

கல்யாணமான நாளிலிருந்து 'கொஞ்சம் வாய மூடேன்' என்று கெஞ்சிவந்த என் மனைவி ரோஸி, சமையலறை வாசலில் நின்றுகொண்டு கேட்டாள்: "இவரு பேசலைன்னா இந்த வூட்ல நான் எப்பிடிங்க இருக்கறது?" கேட்டுவிட்டு உள்ளே போய் அழுதாள். எனக்கு அப்போதுதான் நிஜமாகவே பயம் வந்தது.

ஆபரேஷன் அன்று என் தலையை அசையாமல் ஒரு சட்டத்தில் இறுக்கி, நடுவில் துணித் திரை கட்டினார்கள். திரைக்கு அந்தப் பக்கம் என் மண்டையும் கோலியும். இந்தப் பக்கம் என் மூஞ்சியும், பேச்சைச் சோதிக்க வந்த ஒரு பெண்ணும். அவள் படம் படமாகக் காட்டினாள். யானை என்றேன், குடை என்றேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"இது எல்.கே.ஜி. புள்ளைங்க சமாச்சாரம்மா. இவன் வேகமா பேசனாதான் எனக்கு வேல ஆவும். டேய், அந்த ஃபைனல சொல்லு."

"எந்த ஃபைனலு?"

"எனக்கு இன்னா ஒம்போது ஃபைனலா கீது?"

கத்தியைப் பிடித்திருப்பவனிடம் நியாயம் பேசக்கூடாது என்பது தெரியாதவனல்ல நான். கோலை மட்டும் நைசாக விட்டுவிடுவது என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் என் வாய்க்கு பிரேக் கிடையாது.

"லெஃப்ட்ல பூந்து வர்றாரு வியாசர்பாடி பத்தாம் நம்பரு. எதுக்க கோலி மட்டும்தான். கோலி எங்க பாக்குறாரு? வலையப் பாத்துகினு கீறாரு. பந்து நடந்தே போவுது நைனா. கோல்."

"ஆஃப்சைடு" என்றது திரை.

"வல பக்கம் மூஞ்சிய வெச்சிகினு நின்னவனுக்கு ஆஃப்சைடு எப்பிடிடா தெரிஞ்சிச்சு? ரெஃபரி யாரு? உங்க சித்தப்பாதான? அவரே விசில ஊதிட்டு..."

அதோடு நின்றது. சித்தப்பா ஊதிவிட்டு என்ன செய்தார் என்று எனக்குத் தெரியும். சொல்லத்தான் முடியவில்லை. நாக்கு இருந்தது, மூச்சு இருந்தது, ஒரு சொல் இல்லை.

"பேச்சு நின்னுடுச்சு சார்" என்றாள் அந்தப் பெண்.

"எடுத்துட்டேன். இப்ப பேசு மச்சான்."

கரண்டை எடுத்ததும் பேச்சு திரும்பிவிடும் என்று முன்பே சொல்லியிருந்தார். திரும்பவில்லை. கரண்டு கிளப்பிவிட்ட துடிப்பு அடங்கட்டும் என்று மூளைமேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றச் சொன்னார். அந்தப் பெண் யானையைக் காட்டினாள், குடையைக் காட்டினாள். நான் ரோஸியை நினைத்துக்கொண்டேன். கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கம் வழிந்தது. மெஷின் மட்டும் பீப் பீப் என்று பேசிக்கொண்டிருந்தது.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து கோலியின் குரல் வந்தது. எனக்குத் தெரிந்த குரலாகவே இல்லை.

"கோலுதான்டா அது. ஒத்துக்கறேன். நான்தான் திரும்பி நின்னேன். கோலு. பேசுடா."

எங்கிருந்தோ இரண்டு சொல் வந்தது. "எய்திக் குடு" என்றேன்.

திரைக்கு அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கையில் கிளவுஸ் இருக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியாது, பாவம். மற்றதையெல்லாம் எடுத்துவிட்டு, பட்டாணி அளவுக் கட்டியை மட்டும் அந்த இடத்தில் அப்படியே விட்டு மண்டையை மூடினார். "அத எடுத்தா உன் வாயும் கூட வந்துரும். வேணா. அப்பப்ப ஸ்கேன் எட்த்துப் பாத்துக்கலாம்" என்றார் மறுநாள் வார்டில். கோல் விஷயத்தை ஞாபகப்படுத்தினேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். "ஆபரேசன்ல சொன்னது செல்லாது. அது ஆஃப்சைடு."

நாலு மாசம் கழித்து எர்ணாவூர் மைதானத்தில் மறுபடி மைக் பிடித்தேன். இடைவேளையில் பசங்கள் அந்தப் பழைய ஃபைனலைச் சொல்லச் சொல்லிக் கத்தினார்கள். சொன்னேன். பத்தாம் நம்பர் வந்தார், கோலி திரும்பி நின்றார், பந்து உள்ளே போனது. கூட்டத்தின் ஓரத்தில் கைகட்டி நின்ற கோலி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒவ்வொரு சொல்லும் வந்து சேருகிறதா என்று.

"ஆஃப்சைடு" என்றேன் மைக்கில்.

மைதானமே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும். எனக்கு வாயைக் காப்பாற்றிக் கொடுத்தவன் அவன். அவனுக்காக ஒரு பொய் சொல்லவில்லையென்றால் அப்புறம் இந்த வாய் எனக்கு எதற்கு?