போன ஞாயிறு பிரசங்கம்

தடாலென்று கதவு திறந்தது. அங்கியில் ஒரு கையை மட்டும் நுழைத்திருந்த போதகர் பதறித் திரும்பினார். கல்யாணப் பெண்!

“ஐயா, என்னை எங்கயாவது ஒளிச்சு வையுங்க. எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்.”

“கோயில் நிறைய ஆளுங்க உட்கார்ந்திருக்காங்கம்மா! அப்பாகிட்ட சொல்லு.”

“சொன்னா அவர் நெஞ்சு தாங்காது. நெஞ்சுவலிக்காரர் கண்ணால பார்த்துடட்டும்னுதான் இவ்ளோ அவசரமா தேதியே வச்சோம். நீங்களும் யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது.”

“நான் எப்படிம்மா பொய் சொல்றது?”

“அன்புதான் பெரிய சட்டம், அதுக்காக மத்த சட்டத்தை வளைக்கலாம்னு போன ஞாயிறு பிரசங்கம் பண்ணது யாராம்?”

சொந்தப் பிரசங்கமே சட்டையைப் பிடித்தது. போதகர் அவளை அங்கி அலமாரிக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்.

அடுத்த நிமிடமே பெண்ணின் அத்தை வந்து நின்றாள். “பொண்ணு எங்க?”

“பின்னறையில ஜெபம் பண்றா.”

“நானும் கூட உட்கார்றேன்.”

“வேணாம்! லேசா மயக்கம். படுத்திருக்கா.”

“ஐயோ, மயக்கமா!” அத்தை பறந்தாள். விருந்தாளிகளில் இருந்த டாக்டரை இழுத்துக்கொண்டு திரும்பினாள்.

“மயக்கம் யாருக்கு?” என்றார் டாக்டர்.

“அவளுக்குச் சரியாயிடுச்சு. இப்போ எனக்கு.”

டாக்டர் அவரைப் பெஞ்சில் கிடத்தி நாடி பிடித்துப் பார்த்தார். முகம் மாறியது. “நிஜமாவே எகிறிக் கிடக்கே! அசையாதீங்க.” அத்தையைத் தண்ணீருக்கு விரட்டிவிட்டு, மாத்திரை எடுக்கக் காருக்கு ஓடினார்.

மூச்சு முட்டியது. போதகர் மெல்ல வராந்தாவுக்கு வந்தார். தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு கை அங்கியை இழுத்தது. மாப்பிள்ளை!

“ஐயா, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம். அவகிட்ட சொல்ல வாய் வரல, பாவம். மாமாவுக்குத் தெரிஞ்சா நெஞ்சே நின்னுடும். என்னைக் கொஞ்சம் ஒளிச்சு வையுங்க.”

‘அவளுக்கும் வேணாமாம்’ என்ற வார்த்தை தொண்டை வரை வந்து நின்றது. சொன்னால் விஷயம் பெரியவர் காதுக்குப் போகும். போனால் அவர் உயிர்? வராந்தாக் கோடியில் அத்தை தண்ணீரோடு வந்துகொண்டிருந்தாள்.

வேறு வழியில்லை. மாப்பிள்ளையைத் தரதரவென்று இழுத்துப்போய் மணிக்கூண்டுக் கதவைத் திறந்தார்.

அரை இருட்டில், படிக்கட்டில், கோட்டும் பூவுமாகக் குந்தியிருந்தார் பெண்ணின் அப்பா.

“கதவைச் சாத்துங்க ஐயா! இந்தச் சம்பந்தம் வேணாம்னு நேராச் சொன்னா பொண்ணு மனசு உடைஞ்சிடுமேன்னு, தேதி தள்ளிப் போகட்டும்னு நெஞ்சுவலின்னு ஒரு பொய் சொன்னேன். பாசக்காரப் பாவிங்க, அதுக்காகவே சீக்கிரமா வச்சுட்டாங்க!”