குலுக்கலில் விழுந்த பெயர்

நகர மாரத்தான் குலுக்கலில் தன் பெயர் விழுந்துவிட்டதைக் கைபேசியில் பார்த்ததும் வேறு யாரோ ஒரு நிஷிவாகியாக இருக்காதா என்று நிஷிவாகி மூன்று தடவை சரிபார்த்தார். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாத மனிதர் அவர்.

ஒசாகாவில் அவர் வேலை பார்த்த அட்டைப்பெட்டிக் கம்பெனியில், பிரிவுத் தலைவர் குசாகாபே வருடா வருடம் மாரத்தானுக்குப் பெயர் கொடுப்பார். தலைவர் கொடுக்கும்போது கீழே இருப்பவர்கள் சும்மா இருந்தால் மரியாதையா? எல்லோரும் கொடுப்பார்கள். பத்துப் பேர் கேட்டால் ஒருவருக்குக் கிடைப்பதே அபூர்வம் என்பதால் பயமில்லை. முடிவு வந்த அன்று தலைவரோடு சேர்ந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டால் கடமை முடிந்தது.

இந்த வருடம் தலைவருக்குக் கிடைக்கவில்லை, இவருக்குக் கிடைத்துவிட்டது. விடியற்காலையில் ஆற்றங்கரையில் ஓடுகிறவர் என்று பெயரெடுத்த மனிதரின் வாய்ப்பைத் தட்டிப் பறித்துவிட்டோமே என்று கூசிப்போய், மறுநாளே அவர் முன் குனிந்து நின்றார்.

"சார், எனக்குப் பதிலா நீங்க ஓடுங்க. நான் கேட்டுப் பார்க்கறேன்."

குசாகாபேயின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "சேச்சே, போட்டி விதி ஒத்துக்காதுப்பா. உன் இடம் உனக்குத்தான்."

என்ன பெருந்தன்மை என்று நிஷிவாகிக்குக் கண் கலங்கியது. பிறகு மெல்ல முழங்கால் வலி என்று இழுத்துப் பார்த்தார்.

"காலெல்லாம் ரெண்டாம்பட்சம். ஓடறது மனசு. அதை நான் தயார் பண்றேன்" என்றார் தலைவர்.

பிடித்தது சனி. மதியம் சோற்றுப் பெட்டியைத் திறக்கவிடாமல், கண்ணை மூடிக் கடைசிக் கிலோமீட்டர்களை நினைக்கச் சொன்னார். நினைத்ததுமே நிஷிவாகி கண்ணைத் திறந்துவிட்டார். மனம் இன்னும் உறுதிப்படவில்லை என்று, கொட்டுகிற குளிரில் மலைக்கோயில் அருவிக்குக் கீழே நிற்கவைத்தார். காய்ச்சல் கண்டது. அதைச் சாக்காக வைத்துத் தப்பிக்கலாமென்று வாயைத் திறப்பதற்குள், காய்ச்சலிலும் அசராத வீரன் என்று காலைக் கூட்டத்தில் புகழ்ந்து, எல்லோரும் பெயரெழுதிய வெள்ளைத் தலைப்பட்டையை நெற்றியில் கட்டிவிட்டார். கம்பெனி இயக்குநரும் வழியனுப்ப வருகிறாராம். இனி ஓடாவிட்டால் அந்த ஆபீசில் யார் முகத்திலும் விழிக்க முடியாது.

பந்தய நாளில் தொடக்கக் கோட்டுக்கு அருகே, வேலிக்கு அப்பால், இயக்குநரும் குசாகாபேயும் கொடியாட்டிக்கொண்டு நின்றார்கள். பக்கத்திலேயே குசாகாபேயின் மனைவி. நிஷிவாகிக்கு மனசு கேட்கவில்லை. வேலியோரம் போய், சார் ஓட வேண்டிய இடத்தில் நான் நிற்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அந்த அம்மாளிடம் குனிந்தார்.

அவள் இயக்குநர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இவராவது ஓடறதாவது. இயக்குநர் பேர் கொடுக்கறாரேன்னு இவரும் மரியாதைக்குக் கொடுக்கறார் தம்பி. கிடைக்கலைன்னு சேதி வந்தா அன்னிக்கு எங்க வீட்ல சிவப்புப் பயறுச் சோறு பொங்கி விருந்து."