பன்னிரண்டு தகடுகளின் திரைநீக்கம்

சூரியன் தோன்றிய நாள் முதல் அதனை முறைப்படி திறந்துவைக்க ஒருவரும் முன்வரவில்லை என்ற பெருங்குறையைத் தீர்ப்பதற்காகவே, யாழ்ப்பாணத்தில் கௌரவ பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் அவதரித்தார் என்று துணிந்து கூறலாம்.

உள்நாட்டு மின்னுற்பத்தி குறித்து அவர் சபையில் நாற்பது நிமிடம் உரையாற்றியவர். "எங்கள் கூரை, எங்கள் வெயில், எங்கள் மின்சாரம்! பிறநாட்டு எண்ணெய்க்கு ஏன் கையேந்த வேண்டும்?" என்று மேசையில் தட்டினார். குருநகரில் கடற்றொழிலாளர் சங்கம் ஒன்றின் செயலாளரான லியோன் அவ்வுரையைக் கைபேசியில் மூன்று முறை கேட்டு, மூன்று முறையும் கண்கலங்கினார்.

அதன் பயனாக, சங்கத்தின் புதிய ஐஸ் இயந்திரத்துக்கெனக் கூரையில் பன்னிரண்டு சூரியமின் தகடுகள் பொருத்தப்பட்டன. திறந்துவைக்க உறுப்பினரும் இசைந்தார். ஒரேயொரு நிபந்தனை: அவர் கயிற்றை இழுத்துத் 'திரைநீக்கம்' செய்யும்வரை தகடுகள் எவர் கண்ணிலும் படலாகாது. லியோன் கனத்த மஞ்சள் துணி முப்பது யார் நீளத்துக்கு வாங்கித் தைப்பித்து, பன்னிரண்டையும் பணிவுடன் மூடினார்.

அன்று தொடங்கி வெயில் கொளுத்தியது. உறுப்பினர் மட்டும் வரவில்லை. முதல் வாரம் கொழும்பில் மின்சக்திக் கருத்தரங்கு. அடுத்த வாரம் அதே பொருளில் வெளிநாட்டுப் பயணம்.

லியோனின் மனைவி றெஜினா நண்டு வியாபாரி. அவருக்கான ஐஸ் இன்னமும் வேறு ஊரிலிருந்து லொறியில் வந்தது. வந்து சேரும்போது பாதி தண்ணீர். மூன்றாம் வாரம் ஒரு பெட்டி நண்டு முழுவதும் நாறிப்போயிற்று.

"இஞ்சேருங்கோ, கூரையிலை ஏறி அந்த மஞ்சள் சீலையை உருவுங்கோ."

"விசர்க்கதை கதையாதையும். மரியாதை எண்டு ஒண்டு இருக்கு."

"நண்டுக்கு உங்கடை மரியாதை விளங்குமே? ஒரு தகட்டையாவது திறவுங்கோ."

"பகுதித் திறப்புக்குச் சங்க யாப்பு விதியிலை இடமில்லை."

"அப்ப நாளைக்கு இந்த நாறல் பெட்டியை உங்கடை சங்க மேசையிலை வைப்பன். அதுக்கு இடமிருக்குத்தானே?"

லியோன் உடனே உறுப்பினரின் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார்.

"ஐயா வெள்ளிக்கிழமை மூண்டு மணிக்கு வாறார்," என்றது ஒரு குரல். "மேடைக்கு மேலை தகரம் போடுங்கோ. ஐயாவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது."

மூன்று மணி விழா ஆறரைக்கு ஆரம்பமாயிற்று. வரவேற்புரை, வாழ்த்துரை யாவும் முடிய, உறுப்பினர் கயிற்றை இழுத்தார். துணி நழுவிக் கீழே விழுந்தது. பலத்த கைதட்டல். பின்பு அவர் இயந்திரத்தின் ஆளியை அழுத்தினார். இயந்திரம் மௌனம் காத்தது.

"என்ன செயலாளர், வேலை செய்யேல்லை?"

"பொழுது பட்டிட்டுது, ஐயா."

"நான் வாறன் எண்டு அறிவிச்சிருந்துமோ?"

"மன்னிக்க வேணும், ஐயா," என்று சூரியனின் சார்பில் லியோன் வருத்தம் தெரிவித்தார்.

படம் பிடித்தவர் கமராவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "ஐயா, ஒரே இருட்டு. உங்கடை முகம் படத்திலை விழேல்லை."

"அப்பிடியெண்டா அடுத்த மாதம் வடிவாய் இன்னொருக்காத் திறப்பம். அதுவரைக்கும் மூடியே வையுங்கோ."

"ஓம், ஐயா," என்று லியோன் குனிந்து துணியை அள்ளினார். நிமிர்வதற்குள் அது றெஜினாவின் கைக்கு மாறியிருந்தது. அவர் முப்பது யார் துணியையும் உதறி விரித்து, பொன்னாடை போர்த்தும் அதே பவ்வியத்துடன், உறுப்பினரை உச்சி முதல் உள்ளங்கால் வரை போர்த்தி மூடினார்.

"குறை நினையாதேங்கோ, ஐயா. மூண்டு கிழமையா இவர் மூடவேண்டிய ஆளை விட்டிட்டுத் தகட்டையெல்லே மூடி வைச்சவர்."